அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அம்மா

1

“இந்த அம்மாவை இப்படிச் சாகடிக்கக் கூடாது. மாத்துங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறவள் கேட்கவே கூடாத விஷயம் இது. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எழுத்துப்பிழையைக் கேள். மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த காயம் ஐந்தாம் அத்தியாயத்தில் வலது கைக்குத் தாவியிருந்தால் கேள். யார் வாழ வேண்டும், யார் சாக வேண்டும் என்பது எழுதுகிறவர் பாடு. அதில் மூக்கை நுழைக்காதே.

நுழைத்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. முதலில் இதை இப்படித் தொடங்கியிருந்தேன்:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், மூன்றாம் மாடியில் ஒரு பெண்

மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன். அப்புறம் இப்படி:

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால்

இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே முகத்தைக் கனிவாக வைத்துக்கொள்வீர்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளையோருக்கான ஜோம்பி நாவல். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், கடிக்கிறார்கள். அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள், ஐந்து வயது மகன் என்று ஒரு குடும்பம் தப்பி ஓடுகிறது. பள்ளி நூலகங்களுக்கு மொத்தமாகப் போகப்போகிற புத்தகம்.

எழுதியவரை எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். நேரில் இல்லை. எங்கள் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து, முதல் எட்டுப் பக்கம் காணாமல் போயிருந்த அவருடைய கதைகளைப் படித்துத்தான் வளர்ந்தேன். காணாமல் போன பக்கங்களை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.* அப்பேர்ப்பட்டவருடைய புது நாவல் என் மேசைக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

[* பிற்பாடு முழுப் பிரதி கிடைத்தது. அவருடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.]

நாவல் ஏமாற்றிவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் தெரிகிறது. லாரி ஓட்டுகிறார், ரேடியோ பழுது பார்க்கிறார், குறி தவறாமல் சுடுகிறார். பன்னிரண்டு நாள் ஓடியும் யாருக்கும் சரியாகப் பசிக்கவில்லை. பிணங்கள்கூட அத்தியாய முடிவில் மட்டும் வருகின்றன, நேரம் தவறாத ஊழியர்கள் மாதிரி.

ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் இருக்கிறது. வெளியே பிணங்கள் நடக்கின்றன. தம்பி அழாமலிருக்க அக்கா அவன் வாயைப் பொத்துகிறாள். உள்ளங்கைக்குக் கீழே அவனுடைய பால் பல் ஒன்று ஆடுவது அவளுக்குத் தெரிகிறது. அழுத்தினால் பல் விழும், விட்டால் சத்தம் வரும். ஒரு பக்கம் முழுக்க அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஒரு கமாவைக்கூட நான் தொடவில்லை.

அறுபத்தொன்றாம் பக்கம்தான் என் வழக்கு. அம்மா தண்ணீர் தேடிப் போகிறாள். ஒரு கதவு. மேலே சிவப்புப் பலகை, ‘உள்ளே வராதே’ என்று. “எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அந்தப் பலகை வெறும் சிவப்பு.” தாழ்ப்பாளை விலக்குகிறாள். கடிபடுகிறாள். முடிந்தது.

வாக்கியம் அழகாக இருக்கிறது பாருங்கள். மோசமாக எழுதியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

3

இங்கே என் அம்மாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கொண்டுவரக் கூடாது என்றுதான் இரண்டு வாரம் முயன்றேன்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைப் பிரிப்பது அவள் வேலை. படிக்கத் தெரியாது. அவளுடைய விடுமுறை நாளில், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நாவலை வாசித்துக் காட்டினேன்.

“பன்னெண்டு நாளாச்சுங்கிற, ஒருத்தரும் துணி மாத்தல. அந்த நாத்தத்துக்கே பொணம் தேடி வந்துருமேடி.”

“அம்மா, கதையக் கேளு. அப்பாதான் இதுல ஹீரோ.”

“இருந்துட்டுப் போகட்டும். அவரு ஜட்டி எங்க காயுது?”

நாவலில் எங்கேயும் காயவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே வாசித்தேன், அவளுக்குப் புத்தகத்தின்மேல் மரியாதை வரட்டும் என்று. மடிப்பதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத எழுதுனவரப் பாத்தா நல்லாருக்குன்னு சொல்லு” என்றாள். பிறகு அறுபத்தொன்றுக்குத் திரும்பினேன்.

“தாழ்ப்பா எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“வெளிப்பக்கம்.”

“வெளிய தாழ்ப்பா போட்டிருக்குன்னா உள்ள எதையோ அடைச்சு வச்சிருக்கான்னு அர்த்தம். ஊர்பூரா பொணம் நடக்குது. அதப்போய் எவளாவது தொறப்பாளா? அவளுக்குப் படிக்கத் தெரியாதா, இல்ல பைத்தியமா?”

“படிக்கத் தெரியாது.”

“அதுக்கு?”

இன்னொரு போர்வையை உதறி மடித்துவிட்டு அவளே கேட்டாள்: “சரி, அவ செத்துட்டா. அந்தச் சின்னவன யாரு பாத்துக்குறா?”

“அக்கா.”

“பதினஞ்சு வயசுல. அப்ப அவ எப்பப் படிப்பா?”

நாவலில் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, பள்ளிக்கூடம் எல்லாம் எரிந்துவிட்டது என்று நான் விளக்கினேன். அவளுக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை.

4

[இந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவைத் தூக்கிப் பிடிக்கிறேனோ என்று சந்தேகம். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.]

தொற்றுக்காய்ச்சல் பரவிய வருடம். தொற்று வார்டு மூட்டைகளைக் கையால் பிரிக்கக் கூடாது, நேராகக் கொதிநீருக்குப் போக வேண்டும். ஒருநாள் இருபது மூட்டைகள் ‘சாதாரணம்’ என்று சீட்டு ஒட்டி வந்தன. அம்மா தொடமாட்டேன் என்றாள். தொற்று வார்டு நர்சுகள் மட்டும்தான் மூட்டைக்கு இரட்டை முடிச்சுப் போடுவார்கள். இருபதிலும் இரட்டை முடிச்சு. சூப்பர்வைசர் சீட்டைத் தட்டிக் காட்டி, “உனக்குப் படிக்கத் தெரியுமா, எனக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கத்தினார். அம்மா மூட்டைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவளோடு வேலை பார்த்த ஏழு பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வார்டிலிருந்து ஆள் ஓடிவந்தார். சீட்டு மாறிவிட்டதாம்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் அம்மா, “எழுத்து பொய் சொல்லும், முடிச்சு சொல்லாது” என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அவள் அப்படிப் பேசுகிற ஆளே கிடையாது. அடித்துவிட்டேன். உண்மையில் சொன்னது: “அந்த சூப்பர்வைசருக்கு அன்னைக்குப் பல்வலி, பாவம்.”

வெட்டப்போவதில்லை. இருக்கட்டும்.

5

அறை. நீளமான மேசை. கடைசி புரூஃப். அதன் கடைசித் தாளில் எழுதியவர், புரூஃப் பார்த்தவர், பதிப்பாளர் என மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள், என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. பதிப்பாளர் மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருந்தார். தற்செயல் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் வேலைக்கே போனதில்லை.

என் சீனியரும் இருந்தார். ஒற்று அண்ணன் என்போம். இந்த நாவலில் ‘நடைபிணம்’ என்பதில் நடுவே ‘ப்’ வருமா என்று ஒரு முழு நாள் அகராதிகளோடு மல்லுக்கட்டியவர். “பொணம் நடந்தா நடக்கட்டும்மா, ‘ப்’ போடணுமா வேணாமா, அதுதான் நம்ம கவலை” என்பார். அவருக்குத் தெரியாமல் ஒரு எழுத்து அச்சுக்குப் போனதில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். கேட்காதே என்று சொன்னவரும் அவர்தான்.

நாவலாசிரியரை ஒரு மாதிரி எழுத ஆசைப்பட்டேன். தடித்த மோதிரம், அலட்சியமான சிரிப்பு. அவர் விரலில் மோதிரமே இல்லை. நான் உள்ளே வந்ததும் நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து எனக்கு இடம் விட்டார்.

என் கோரிக்கையைச் சொன்னேன். தாழ்ப்பாள் விஷயத்தையும் சொன்னேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“சரிதான். கவனிக்கல. உட்பக்கம்னு மாத்திடலாம். ஒரு வார்த்தைதானே.”

“பாத்தியா, முடிஞ்சுது” என்றார் மேடம், பேனாவை என் பக்கம் நகர்த்தி.

“உட்பக்கம்னா உள்ள இருக்கிற பொணம் அதுவே தொறந்துட்டு வெளிய வந்திருக்கும் மேடம்.”

ஒற்று அண்ணன் இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

“அம்மா இருந்துட்டா பொண்ணு எதுக்குமா துணிஞ்சு கிளம்பப் போறா?” என்றார் நாவலாசிரியர். குரலில் கோபமில்லை. “அவளுக்கு ஒரு இழப்பு வேணும்.”

“இழப்பு வைங்க சார். படிக்காததால செத்தாள்னு வைக்காதீங்க. பள்ளிக்கூடத்துல உக்காந்து இதப் படிக்கிற பாதிப் பிள்ளைங்களுக்கு வீட்ல இப்படி ஒரு அம்மாதான். படிச்சு முடிச்சிட்டு சாயந்திரம் அவங்க முகத்தத்தான் போய்ப் பாக்கணும்.”

“உங்க அம்மா...”

“படிக்கத் தெரியாது. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு அழுதாங்க. நல்லாருக்குன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார்.

“நாப்பது வருஷமா எழுதுறேன். அம்மாங்கள எனக்கு எழுத வரலமா. அதான் சீக்கிரமே அனுப்பிடுறேன்.”

இதை வேறு எந்த எழுத்தாளரும் ஒரு புரூஃப்காரியிடம் சொல்லியிருக்க மாட்டார். பன்னிரண்டு வயதில் நான் தப்பான ஆளைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று தோன்றியது.

“இதெல்லாம் அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்” என்றார் மேடம். “நாளைக்கு அச்சு. கையெழுத்துப் போடு.”

6

கதையை முடிக்க மூன்று வழிகள் எழுதிப் பார்த்தேன்.

அ. நான் கையெழுத்துப் போடுகிறேன். நிரந்தரமாகிறேன். அடுத்த பதிப்பு வருகிறது. தாழ்ப்பாள் அதே இடத்தில் இருக்கிறது.

ஆ. நாவலாசிரியர் அங்கேயே உட்கார்ந்து பக்கத்தைத் திருத்தி எழுதுகிறார். மேடம் மனம் மாறுகிறார். ஒற்று அண்ணன் கைதட்டுகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்ப வேண்டாம்.

இ. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து

அம்மாவுக்கு அன்றைக்கு ஷிஃப்ட். வரமுடியாது.

நடந்தது இதுதான். பேனாவை மூடி மேடம் பக்கமே வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த அறைக்குள் நுழையும்போதே இதை முடிவு செய்திருந்தேன். ஆசைக்கு ஒருதரம் கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

“இப்ப எழுந்து போனா அந்த உத்தரவும் போயிடும். தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“அண்ணே, நீங்க போடுங்க கையெழுத்த” என்று மேடம் ஒற்று அண்ணன் பக்கம் திரும்பினார்.

“கடைசியா பாத்தது அவ. நான் பாக்காத புரூஃபுல எப்படிங்க போடறது? முதல்லேர்ந்து பாக்கணும்” என்றார் அண்ணன், தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தியபடி. “நாலு நாள் ஆகும். ஒற்றெல்லாம் கண்டபடி கிடக்கு.”

ஒற்று ஒன்றுகூடக் கண்டபடி கிடக்கவில்லை. நான் பார்த்த புரூஃப் அது.

பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது நாவலாசிரியரின் குரல் கேட்டது:

“அந்தக் கதவுப் பக்கம் போகலன்னா, அந்த அம்மா தண்ணிக்கு எங்கதான் போவா?”

என்னைக் கேட்டாரா, அண்ணனைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியாது. நான் நிற்கவில்லை. நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள், கையில் நாலு நாள் இருக்கிறது. அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். நான் இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டேன்.