டாக்டர் சொன்னது தப்பு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்த மனிதரைத் தேடி மேற்பார்வையாளர் பதவி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடிதம் வந்ததும் சோறு இறங்காது. மறுத்த மறுநாளே நன்றாகப் பசிக்கும். பொறுத்துப் பார்த்த மனைவி, மனப்பகுப்பாய்வு செய்யும் மருத்துவரிடம் அவரைக் கொண்டுவந்து விட்டாள்.

அந்த மருத்துவர் அம்மாள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஆறு மாதம், வாரம் இருமுறை, அவர் சாய்வுப் படுக்கையில் படுத்துப் பேசினார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாள். அவருடைய அப்பாவும் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று தெரிந்ததும் அவளுக்கு முடிச்சு பிடிபட்டுவிட்டது.

"அப்பாவைத் தாண்டிப் போனா அவர் தண்டிப்பார்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு உங்களுக்கு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்."

எதைச் சொன்னாலும் இதே பதில்தான். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவது மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நான்காவது கடிதம் வந்த வாரம் அவள் மறுபடியும் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசினாள். அவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"இல்ல டாக்டர். நீங்க சொல்றது தப்பு."

சொன்ன வேகத்தில் திரும்பி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"என் முகத்துல என்ன தேடறீங்க?"

"நீங்க சின்னதாயிட்டீங்களான்னு பார்த்தேன்."

"ஆயிட்டேனா?"

"இல்ல… அப்படியேதான் இருக்கீங்க." அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் மடை திறந்ததுபோல் பேச்சு வந்தது. பன்னிரண்டு வயதில், சமையலறை மேசையில் முழங்கை ஊன்றி அப்பாவின் கையை மடக்கிச் சாய்த்திருக்கிறார். அப்பா சிரித்துத் தட்டிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கொல்லைப் பக்கம் தனியாக நின்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவர் மேல பயமில்ல டாக்டர். பாவமா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் யாரையும் ஜெயிச்சதில்ல."

தன் ஆறு மாத விளக்கம் மண்ணைக் கவ்வியதில் மருத்துவருக்குக் கடுகளவும் வருத்தமில்லை.

"நான் தப்பாத்தான் சொல்லியிருக்கேன்," என்றாள். "நீங்க வளர்ந்தா அப்பா தேஞ்சுடுவார்னு முடிவு பண்ணது ஒரு பன்னிரண்டு வயசுப் பையன். இன்னிக்கு என்னை மறுத்தீங்க. நான் தேஞ்சா போயிட்டேன்?"

மறுநாளே பதவியை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"மூணு தடவை வேணாம்னு சொன்னியா? உனக்கென்ன கிறுக்காடா?" என்று அப்பா கத்தினார். பிறகு, "உனக்குக் கீழே எத்தனை பேரு?" என்றார். "முப்பத்திரண்டு." அன்றே அந்த எண்ணிக்கை தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

சிகிச்சை மேலும் ஓராண்டு நடந்தது. அவர் எடுத்ததற்கெல்லாம் மறுத்துப் பேசினார். சில நாள் அவளுக்கே மூச்சு முட்டியது. இடையில் ஒருநாள், பலத்த காற்றிலும் சரக்கை இறக்கச் சொல்லிக் கப்பல் அதிகாரி கோபத்தில் குதித்தார். புது மேற்பார்வையாளர் எல்லாக் கிரேன்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, காற்று அடங்கும்வரை அந்த அதிகாரியின் எதிரிலேயே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார்.