ஏற்றித் தைத்த பஞ்சு

பஞ்சுப் போர்வை தைத்துக் கொடுக்கும் அந்த வீட்டு மருமகளுக்குத் துண்டுப் பஞ்சை இணைப்பது கைவந்த வேலை. ஆர்டர் முடிந்து மிஞ்சும் பஞ்சு ஷீட் துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்து வைப்பாள். ஓரங்களை நேராக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிக்ஜாக் தையல் போட்டால் இணைத்த இடம் கைக்கே தட்டுப்படாது.

படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாருக்கு முதுகுக்கடியில் போட ஒரு விரிப்பு வேண்டும் என்று கணவன் கேட்டபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. தலைக்குமேல் வேலை. போதாததற்கு, பேச்சு நின்றுபோகும் முன்பு மாமனார், "மிஷினைக் கட்டிக்கிட்டு அழறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாலு துண்டை எடுத்தாள். ஓரம் வெட்டப் பொறுமையில்லை. ஒன்றின்மேல் ஒன்றை இரண்டு விரல் அளவு ஏற்றி, நேர்த்தையல் ஓட்டி, உறை மாட்டிக் கொடுத்துவிட்டாள். 'இவருக்கு இது போதும்' என்று வாய்க்குள் சொல்லியும் கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை மாமனாரின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு, சிவந்து கன்றியிருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்காமேல் கணவன் பாய்ந்தான்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போனும் கையுமா உட்கார்ந்திருந்தீங்களா?"

"இல்ல தம்பி, நேரம் தவறாமப் புரட்டினேன்."

"அப்போ இது வானத்துலேர்ந்து வந்துச்சா? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்ற மருமகள் விரிப்பைப் பார்த்தாள். ஏற்றித் தைத்த இடம் சரியாக அந்தக் கோட்டுக்கு அடியில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அக்கா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் விரிப்பைத் தரையில் போட்டு அந்த மேட்டில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லவும் வாயில்லாமல் அவர் அதன்மேல் ஐந்து நாள் கிடந்திருக்கிறார். எல்லாவற்றையும் பிரித்து, ஓரம் வெட்டி, ஒழுங்காக இணைத்து, தானே அதில் படுத்துப் புரண்டு பார்த்தபிறகே விரித்தாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை. "காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பதில் அவன் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவளே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வாசலிலேயே நின்று பேசினாள்.

"கோட்டைப் பார்த்துட்டு விரிப்பைத் தடவினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா."

"அப்போ ஏன்க்கா சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

திரும்ப வரக் கூப்பிட்டாள்; அக்கா வேறொரு வீட்டில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாளாம். மருமகள் மன்னிப்புக் கேட்டாள். அக்கா, "புரட்டும்போது தோளைப் பிடிச்சு இழுக்காத, அவருக்கு அங்க வலி. முதுகுக்குக் கையைக் கொடு" என்றாள்.

புது ஆள் கிடைக்கும்வரை மிஷினை மூடிவிட்டு அவளே புரட்டினாள். ஒரு வாரத்தில் கோடு மங்கியது. அன்று அவர் காதருகே குனிந்து, "அது நான் பண்ணினதுதான் மாமா, அக்கா இல்ல" என்றாள். அவர் அவளையே பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி புரட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.