படகில் இல்லாத மகள்

கடல் தாண்டி வந்த அந்தத் தையல்காரி, அடைக்கலம் கேட்டு மனுப் போட்டுவிட்டு மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். மனுவில் எல்லாம் உள்ளபடி எழுதியிருந்தாள். அவளும் தங்கையும் ஒன்றாகப் படகேறினார்கள். தங்கைக்கு இருபத்திரண்டு வயது. படகு சரிந்தபோது அக்காவின் கைப்பிடியிலிருந்து நழுவிப் போனவள்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் படம் எடுக்கும் பெண் அவளைத் தேடி வந்தாள். விஆர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டால் பார்க்கிறவரும் அந்தப் படகில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்குமாம். அலை மேலே அடிக்கும், பக்கத்தில் ஆள் அழுவது காதுக்குள் கேட்கும். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுப் படக்காரி நகத்தைக் கடித்தாள்.

"அக்கா, தங்கச்சின்னா பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஏழு வயசு மகள்னு வச்சுக்கலாமா? உடைஞ்சே போயிடுவாங்க."

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

"படத்துல அதெல்லாம் வராது. பெரிய பெரிய ஆளுங்க பார்க்கப் போறாங்கக்கா. பார்த்துட்டா உங்க மனுவைத் தள்ள யாருக்காவது மனசு வருமா?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் விழுந்தாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன ஒலிப்பதிவு அறையில் அவளை நிற்கவைத்து, "என் மகளே" என்று கத்தச் சொன்னார்கள். பத்துத் தடவை கத்தியும் குரலில் உயிர் இல்லை. பதினோராவது தடவை கண்ணை மூடித் தங்கையின் முகத்தை நினைத்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து வந்தது அழுகை. அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படக்காரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

படம் ஊர் ஊராகப் போனது. கண்ணாடியைக் கழற்றியவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தியின் கண்மை அவள் தோளில் அப்பியது, துவைத்தும் போகவில்லை.

ஒருவழியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் நடுத்தர வயது அதிகாரி. அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்கம்மா. போன மாசம் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்டினாங்க. உங்க பொண்ணு கையைப் பிடிக்க நானே எட்டிப் பாய்ஞ்சேன். நாற்காலியோட விழுந்தேன்னா பார்த்துக்கோங்க."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவர் கோப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு நிறுத்தினார்.

"இதுல பொண்ணே இல்லையே?"

"தங்கச்சிதான் சார். படத்துக்காக மாத்திச் சொல்லச் சொன்னாங்க."

"குரல் உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். ஆனா அழுதது தங்கச்சிக்காக சார்."

அதிகாரியின் முகம் சுருங்கியது. அதில் கோபத்தைவிட வலிதான் அதிகம் தெரிந்தது.

"ஒரு வாரம் நான் தூங்கலைம்மா. என் பொண்ணை ஸ்கூல் பஸ்ல ஏத்தக்கூடக் கை வரலை. இல்லாத குழந்தைக்கா அழுதேன்? தங்கச்சி மட்டும் நிஜம்னு நான் எதை வச்சு நம்பறது?"

"சத்தியமா நிஜம் சார்."

"அந்தப் படத்துலயும் நிஜம்னுதானே சொன்னீங்க?"

மனு தள்ளுபடியானது. பத்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்தே படக்காரிக்குப் போன் போட்டாள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"அக்கா, அப்படி எழுதினா படமே பொய்னு ஆயிடும். இதைப் பார்த்துட்டுக் குடுக்கற பணத்துலதான் அகதி முகாம்ல ஆயிரம் பேருக்குச் சோறு போகுது. உங்க ஒருத்தருக்காக அத்தனை பேர் வயித்துலயும் அடிக்கச் சொல்றீங்களா? எனக்கும் மனசு கேக்கலைக்கா, புரிஞ்சுக்கோங்க."

புரிந்தது. மறுபடி கூப்பிட்டபோது படக்காரி போனை எடுக்கவில்லை.

எட்டாம் நாள், தையல் கடைக் கணக்கை முடித்துக்கொண்டு, பெட்டியைக் கட்டியபின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் திரும்பி வர்றேன்."

"வாடி என் தங்கம். சின்னவளும் வர்றாளா? அவகிட்டப் போனைக் குடு. குரல் கேட்டு மூணு வருஷமாச்சு, அப்படி என்ன ஃபேக்டரியோ, போனே கொண்டுபோகக் கூடாதாம்."

இந்த மூன்று வருஷமும் அவள் அம்மாவுக்குச் சொல்லி வந்த கதை அது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். யாரும் நம்பாத ஒன்றை அம்மா மட்டும் உடனே நம்பிவிடுவாள் என்று தோன்றியது.

"அவ வரலைம்மா."

"ஏன், வேலையை விட மனசில்லையாமா?"

"ஆமாம்மா."

"சரி விடு. கெட்டிக்காரி, எப்படியும் பிழைச்சுப்பா," என்றாள் அம்மா. "நீயும் அவளை மாதிரி கொஞ்சம் சூட்டிகையா இருந்திருக்கலாம்டி."