உட்கார்ந்தபடி ஒரு நாடகம்

மார்ச் ஒன்பதாம் தேதி, தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில், இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ஒரு நாடகத்தை நகர மன்ற அரங்கில் நடத்த அனுமதி மறுக்கப்பட்டது. அந்தச் செய்தியின் எழுத்துப்பிழைகளைத் திருத்திய பத்திரிகை ஊழியர், அந்த நாடகத்தைப் புத்தகமாகப் பலமுறை படித்தவர். ஒரு வரியைக்கூட வாய்விட்டுப் படித்ததில்லை.

ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அக்கா வீட்டு மாடியறையில்தான் வாசம். காலையில் அத்தான் பேப்பரை மடக்கினார். ஆளுங்கட்சிக்கு வீடுவீடாக வோட்டுக் கேட்பவர்.

"நல்லதாப் போச்சு. ஆம்பளையும் ஆம்பளையும் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாக்க டிக்கெட் வேறயாம். ஏன் மாப்ள, ஊர்ப்பட்ட புத்தகம் படிக்கிறியே, நீ என்ன சொல்ற?"

"முட்டைக்கு உப்பு பத்தல, அத்தான்."

அக்கா உப்பை நகர்த்தினாள். தடை பற்றி ஆளுங்கட்சி 'பண்பாடு' என்றது. எதிர்க்கட்சி 'இதற்கு இது நேரமில்லை' என்றது. நேரம் எப்போதாவது வந்ததாகப் பிழை திருத்துபவருக்கு நினைவில்லை.

நடிக்கத்தானே அனுமதி வேண்டும், படிக்க எதற்கு என்று நாடகக் குழு ஒரு புத்தகக் கடை மாடியில் நாற்காலி போட்டது. ஞாயிறு மாலை அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கதவோரம் ஒரு போலீஸ்காரர், மடியில் தொப்பி.

"உக்காந்தே படிக்கணும். எந்திரிச்சா நடிப்பு. தொட்டா நடிப்பு."

"சிரிச்சா?" என்றாள் இயக்குநர்.

போலீஸ்காரர் யோசித்தார். "சிரிக்கலாம்."

இரண்டு நடிகர்களுக்கும் நடுவே ஒரு காலி நாற்காலி. "செய்ய முடியாததையெல்லாம் மூணாவது ஆள் வாசிச்சுச் சொல்லணும். அவரு பயந்துக்கிட்டு வரல. யாராவது வாசிக்கிறீங்களா?" என்று இயக்குநர் கேட்டாள்.

எப்போது எழுந்தோம் என்று கடைசி வரிசையில் இருந்த அவருக்கே தெரியவில்லை.

"சார், உக்காருங்க" என்றார் போலீஸ்காரர். கூட்டம் சிரித்தது. எழுந்தவர் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடைப்புக்குறிக்குள் இருந்த மேடைக் குறிப்பெல்லாம் அவருடையது. அவன் கதவைத் தாழிடுகிறான். அவன் விளக்கைக் குறைக்கிறான். குரல் கரகரத்தது, பிறகு பழகியது. வீட்டில் படிக்கும்போது எப்போதும் மூடிவைத்துவிடும் பக்கம் வந்தது. நிமிர்ந்தார். முன்வரிசையில் ஒருவன் கைப்பேசியை அவருக்கு நேராகப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். அத்தானோடு பிரசாரத்துக்குப் போகிறவன். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவன். இருமல் வந்ததுபோல எழுந்து போய்விடலாம். மாடியறையாவது மிஞ்சும்.

"அவன் நண்பனின் கையைப் பிடித்துக்கொள்கிறான்" என்று படித்தார். "விடவில்லை."

புத்தகத்தில் ஒரு முறைதான் இருந்தது. அவர் இன்னொரு முறையும் சொன்னார். "விடவில்லை."

போலீஸ்காரர் கழுத்தை நீட்டி அவர்கள் கைகளைப் பார்த்தார். மூவருடைய கைகளும் அவரவர் புத்தகத்தின் மேல் இருந்தன.

அங்கிருந்து நேரே வேலைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி அவர் மேசைக்கே வந்தது. 'வாசிப்பு அமைதியாக முடிந்தது. யாரும் எழவில்லை, யாரும் யாரையும் தொடவில்லை என்று காவல்துறை தெரிவித்தது.' பிழை இல்லை. அனுப்பிவிட்டார்.

காலையில் மேசையில் அவர் தட்டு இருந்தது. உப்பு பக்கத்திலேயே இருந்தது. அந்தப் படம் இரவே வீட்டுக்கு வந்திருந்தது. அத்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளி அறைக்குப் போயிருந்தார்.