எல்லப்பனைத் தொடாத பந்து

உத்திரமேரூர் டவுன் புட்பால் டீமின் தோல் பந்து 1974 சித்திரையிலிருந்து 1983 வைகாசி வரை, ஒன்பது ஆண்டுகள், எல்லப்பனின் மேல் ஒரு முறைகூடப் படவில்லை. அவன் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்ல. ஏழாம் நம்பர் பனியன் போட்டுக்கொண்டு, பதினொரு பேரில் ஒருவனாக, எல்லா மேட்சிலும் முழு நேரமும் மைதானத்தில் இருந்தவன். முதல் மூன்று ஆண்டுகள் யாரும் அவனுக்குப் பந்து கொடுக்காததால் படவில்லை. அதற்குப் பிறகு பந்தே அவனுக்கு இரண்டு முழம் முன்னால் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. இதை ஊரில் யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இவனை எதற்கு டீமில் எடுத்தார்கள் என்பதுதான் அவர்களுக்கு ஆறாத எரிச்சலாக இருந்தது.

எடுத்தவர் பஞ்சாட்சரம். ஏரிக்குக் கீழே முப்பது காணி நஞ்சை வைத்திருந்தவர், டீமுக்குச் செகரட்டரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் என்று உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது. பஞ்சாட்சரம் அந்தச் சுவருக்கு எதிரே நின்றுதான் ஒவ்வொரு பங்குனியிலும் டீம் லிஸ்ட்டைப் படிப்பார். ஆனால் லிஸ்ட் குடத்திலிருந்து வராது, அவருடைய சட்டைப் பையிலிருந்து வரும். அக்காள் மகன் சேட்டு சென்டர் பார்வர்ட். அவனுக்கு இருபத்திரண்டு வயதிலேயே தொப்பை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததற்காக ஒருவன் லெப்ட் அவுட். வெளியூர் மேட்சுக்கு லாரி கொடுத்தவரின் தம்பி கோல் காக்கும் கோலி. பந்து வந்தால் முதலில் கண்ணை மூடிக்கொள்வான், பிறகு கையை நீட்டுவான். 1974இல் அரசாங்கத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, காலனியிலிருந்து ஒருவராவது ஆடினால்தான் பந்தும் பனியனும் தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எல்லப்பன் ரைட் அவுட் ஆனான்.

கோடையில் ஏரி வற்றியதும் ஏரியின் வயிறுதான் மைதானம். ஊர்க்காரர்கள் கரைமேல் மதகுக் கல்லைச் சுற்றி உட்காருவார்கள். காலனிக்காரர்கள் கரையின் கடைசியில் பனைமரங்களுக்கு அடியில் உட்காருவார்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. காலனி ஆளுக்குப் பந்து கொடுக்கலாமா என்றும் மைதானத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். அதிகாரி இடம் கொடுத்தார், மற்ற பத்துப் பேரும் பந்து கொடுக்கவில்லை. எல்லப்பன் வலது ஓரத்தில் ஓடுவான், கையைத் தூக்குவான், திரும்பி ஓடுவான். அவனுடைய அக்கா சிட்டம்மாள் பனைமரத்தடியில் புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிட்டம்மாளுக்கு ஆட்டம் தெரியும். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவள். காலனிப் பிள்ளைகள் பனங்காயை உதைத்து ஆடியதில் எல்லப்பன் உதைத்த பனங்காய் கரையைத் தாண்டி வாய்க்காலில் விழுந்ததை எத்தனையோ தடவை கண்ணால் கண்டவள். பகலில் பஞ்சாட்சரத்தின் கழனியில் நாற்று நடுவாள். அவள் அம்மா அவரை ஆண்டே என்று கூப்பிட்டாள். இவள் செகரட்டரியாரே என்று கூப்பிடுவாள். அவருக்கு அது பிடித்திருந்ததா இல்லையா என்று அவரே கடைசிவரை முடிவு செய்யவில்லை.

1977இல் சாலவாக்கம் டீமோடு ஆடிய மேட்சில் கோலி கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து வழி தவறி நேராக எல்லப்பனைப் பார்த்துப் பறந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். இரண்டு முழம் இருக்கும்போது பந்து காற்றிலேயே தயங்கியது. தெரியாத தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுக்கும் மாடுபோல ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் விழுந்தது. கரைமேல் இருந்த நானூறு பேரும் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் பத்துப் பேரிடம் பழகிய பந்து அவர்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். வாடகை சைக்கிள் கடை ராஜாராம் மட்டும் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஊரில் அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது. மேட்ச் நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

"பதினோரு பேர்ல ஒருத்தன் பந்துக்கே ஆகாதவன். இவன எந்தக் கண்ணால பார்த்துய்யா எடுத்தாரு?" என்றார் ராஜாராம்.

கரையின் கடைசியிலிருந்து சிட்டம்மாளின் குரல் வந்தது. "எடுத்தீங்க, சரி. குடுத்தீங்களா?"

இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் அடுத்த மூன்று ஆண்டுகள் கரைமேல் போய் வந்துகொண்டிருந்தன. சைக்கிள் கடையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் நெல் மண்டியிலும் டீமைக் கலைத்துக் கலைத்துக் கட்டினார்கள். ரைட் அவுட்டில் வேறு ஆளைப் போட்டால் கப்பு வந்துவிடும் என்று ராஜாராம் கற்பூரம் அடித்துச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி சேட்டு, பந்து தன்னிடம் வராததற்குக்கூட எல்லப்பன்தான் காரணம் என்றான். தொப்பையையும் மோட்டார் சைக்கிளையும் மூடிய கண்ணையும் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து சாலவாக்கத்துக்காரர்கள் கப்பை டிராக்டரில் வைத்து மேளம் அடித்துக்கொண்டு உத்திரமேரூர் பஜார் வழியாகவே போனார்கள். வேறு வழி இருந்தும் அந்த வழியாகவே போனார்கள்.

1980இல் கோலி லாரியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அப்போது ராஜாராமுக்கு ஒரு யோசனை வந்தது. பந்து இவனைக் கண்டால் ஒதுங்குகிறது என்றால் இவனைக் கோலில் நிறுத்தினால் என்ன? பஞ்சாட்சரம் அரை மனதோடு நிறுத்திப் பார்த்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருந்த இடம் முழுவதையும் பந்து எல்லப்பனுடைய வாசலாக எடுத்துக்கொண்டது. அந்த வாசலில் அது காலெடுத்து வைக்கவில்லை. சாலவாக்கத்துக்காரன் பத்தடித் தூரத்திலிருந்து உதைத்தாலும் வளைந்து மேலே போனது, பக்கத்தில் போனது, ஒருமுறை உதைத்தவனிடமே திரும்பிப் போனது. எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சாலவாக்கத்துக்காரர்கள் இது ஆட்டமே இல்லை என்று முறையிட்டார்கள். மதுராந்தகத்திலிருந்து வந்திருந்த ரெப்ரி விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, கோலி பந்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்றார். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஆண்டுக்கு ஒரே ஒரு கோலில் உத்திரமேரூர் கப்பு வாங்கியது. மூன்று கோலும் எதிராளி தவறித் தன் கோலுக்குள்ளேயே உதைத்ததில் விழுந்தவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கப்பு பஞ்சாட்சரத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. எல்லப்பன் அதை வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். காஞ்சிபுரத்திலிருந்து போட்டோக்காரர் வந்து பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் பந்தை வைத்தார். பந்து உருண்டு வெளியே போனது. எடுத்து வைத்தார், மறுபடியும் போனது. நான்காவது தடவை அவர் எல்லப்பனைப் பார்த்து, நீ கொஞ்சம் தள்ளி நில்லப்பா என்றார். அவன் தள்ளி நின்றான். பந்து அசையாமல் இருந்தது. சைக்கிள் கடையில் ராஜாராம் மாட்டி வைத்த அந்தப் போட்டோவில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சிட்டம்மாளுக்குக் கப்பென்றாலே வயிறு எரிந்தது. முன்பெல்லாம் வழக்கத்தால் பந்து கொடுக்காதவர்கள் இப்போது திட்டம் போட்டுக் கொடுக்காமல் இருந்தார்கள். பிராக்டீஸில்கூட அவன் பக்கம் பந்தை விடக் கூடாது என்று செகரட்டரி உத்தரவு. கோல் கிக்கை வேறொருவன் வந்து உதைத்துவிட்டுப் போவான். ஒரு நாள் எல்லப்பன் மெதுவாகக் கேட்டான், ஒரு தபா நான் ஒதைச்சிப் பாக்கறேனே என்று.

"நல்லா ஓடிக்கினு கீற வண்டிய ஏன்டா கயட்டிப் பாக்கணும்? பந்துக்கு உன்னோட பழக்கம் ஆயிட்ச்சின்னா அப்பறம் கோல் வுழும்" என்றார் பஞ்சாட்சரம். கோபமாகச் சொல்லவில்லை, விதை நெல்லைச் சாப்பிடாதே என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லப்பன் பனங்காயையும் உதைக்கவில்லை. மேட்சிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். 1983இல் அவனுக்குச் செங்கல்பட்டில் ரயில்வே கேங்மேன் வேலை கிடைத்தது. ஆனி மாதம் சேர வேண்டும். போவதற்கு முன்னால் ஒரே ஒரு மேட்ச் பாக்கி.

"இன்னாடா, ஒம்போது வருசம் ஆடுனேன்னு அங்க போயி சொல்லிக்குவியா?" என்று சிட்டம்மாள் கேட்டாள்.

"நான் எங்கக்கா ஆடுனேன். கல்லு மாதிரி நின்னுக்கினு இருந்தேன்" என்றான் அவன்.

வைகாசியில் நடந்த அந்தக் கடைசி மேட்சில் இடைவேளைக்குப் பிறகு கால் மணி நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. சாலவாக்கத்து ஆள் ஒருவன் உயிரைக் கொடுத்து உதைத்த பந்து எல்லப்பனைக் கண்டதும் வழக்கம்போல மேலே ஏறி, கோலைத் தாண்டி, கரையைத் தொட்டு, பனைமரத்தடியில் சிட்டம்மாளின் புல்லுக்கட்டில் விழுந்தது. அந்தப் பக்கம் விழும் பந்தைக் காலனிக்காரர்கள் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து ஒருவன் வந்து எடுத்துப் போவான். அன்று அவன் வருவதற்குள் சிட்டம்மாள் எடுத்துவிட்டாள். அவள் நினைத்ததைவிடப் பந்து கனமாக இருந்தது, வெயிலில் சுட்டது. பிறந்த அன்றைக்கே தூக்கிய ஆட்டுக்குட்டிபோல அவள் கைக்குள் நடுங்கியது. அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள்.

பஞ்சாட்சரம் நாற்காலியிலிருந்து எழுந்து, அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ராஜாராம் மதகுக் கல்லிலிருந்து குதித்து ஓடி வந்தார். அவர் குரல் கெஞ்சலாக இருந்தது.

"யம்மா சிட்டம்மா, கப்பு பூடும். இன்னும் அர மணி நேரம்தான் கீது. பொறுத்துக்கோயேன்."

"கப்ப நான் கேக்கலியே. ஒம்போது வருசமா கப்பு கப்புன்னு சொல்லிக்கினு கீறீங்க. நான் கேட்டத எவனாவது காதுல வாங்கினீங்களா?" என்றாள்.

ராஜாராம் ரெப்ரியைப் பார்த்தார். ரெப்ரி பைக்குள் இருந்த புத்தகத்தை எடுக்கவே இல்லை. வெளியே போன பந்தை யார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். சிட்டம்மாள் தம்பிக்கு எதிரே போய் நின்றாள். பந்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பின்னால் தள்ளியது. அவள் அதை அதட்டவில்லை.

"உம்மேல தப்பு இல்ல. யாரும் உன்ன இவன் கைல குடுக்கல. நான் குடுக்கறேன்" என்று பந்திடம் சொன்னாள். பிறகு தம்பியிடம், "கைய நீட்டுடா" என்றாள்.

அவன் நீட்டினான். பந்து அவன் கைகளில் உட்கார்ந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் தையல் விட்டுப் போயிருந்ததையும் அதன்மேல் செருப்புத் தைப்பவர் போட்ட ஒட்டையும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். முகர்ந்து பார்த்தான். பிறகு கோட்டில் வைத்து உதைத்தான். அந்த உதை நேராகச் சேட்டுவின் காலடிக்குப் போனது. அந்தத் திசையிலிருந்து பந்து வரும் என்று சேட்டுவுக்குப் பழக்கம் இல்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தான், சாலவாக்கத்து ஆள் எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பந்து மற்ற எவரிடமும் போவதுபோல எல்லப்பனிடமும் வந்தது. ஐந்து தடவை பிடித்தான், மூன்று கோல் விழுந்தது. மூன்றாவது கோல் விழுந்தபோதும் அவன் புழுதியில் குப்புறக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்ததை ஊரால் மன்னிக்கவே முடியவில்லை.

கப்பு டிராக்டரில் பஜார் வழியாகப் போனது. இவனைக் கோலில் நிறுத்தியது யாருடைய யோசனை என்று ராஜாராமே எல்லோரிடமும் கேட்டார். பஞ்சாட்சரம் அந்த ஆண்டு நடவுக்குச் சிட்டம்மாளைக் கூப்பிடவில்லை. அவள் மூன்று மைல் நடந்து வேறு ஊருக்கு நடவுக்குப் போனாள். எல்லப்பன் செங்கல்பட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைகளில் கேங் ஆட்களோடு ஆடினான். அங்கே பந்து ஒரு தகராறும் செய்யவில்லை.

1984இல் டீமுக்குப் புதுப் பந்து வந்தது. பனியனுக்காகக் காலனியிலிருந்து வேதகிரி என்பவனை எடுத்தார்கள், ரைட் அவுட்டில் போட்டார்கள், பந்து கொடுக்கவில்லை. இரண்டாவது கோடையிலேயே புதுப் பந்தும் ஒதுங்கக் கற்றுக்கொண்டது. பழைய பந்துக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. சிட்டம்மாள், இது இன்னா பேஜார்டா என்று தலையில் அடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கி, பந்தை எடுத்துப் போய் வேதகிரியின் கையில் கொடுத்தாள். அது அந்த மேட்ச் முடியும்வரை தாங்கியது. அடுத்த மேட்சில் மறுபடியும் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து ஏரி மைதானத்தில் எந்த மேட்ச் நடந்தாலும், இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். அவள் கரையின் கடைசியிலிருந்து நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போக அவ்வளவு நேரம் ஆகிறது. ரெப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மதகுக் கல் பக்கம் இருப்பவர்கள், வேதகிரியை எதற்கு எடுத்தார்கள் என்று பேசிக்கொண்டே அந்த நேரத்தில் டீ குடித்துவிடுவார்கள்.