மத்தியானத்தில் ஏறும் தண்ணீர்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மத்தியானமானால் தண்ணீர் ஏறியது. மோட்டார் போடாமல், மழை பெய்யாமல், லாரி வராமல், தானாகவே ஏறியது. ஏப்ரல் மாதத்துச் சென்னையில், எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இப்படியொரு அதிசயம் நடந்தால் தெருவே குடத்தோடு திரண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அது என் செல்போனில் மட்டும்தான் நடந்தது.

நான் ஷபீனா. எலெக்ட்ரானிக்ஸ், கடைசி வருடம். நானும் ஜெஃப்ரியும் ஒரே ப்ராஜெக்ட் பேட்ச், இரண்டே பேர். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டும் கருவிதான் எங்கள் ப்ராஜெக்ட். உலகத்தைப் புரட்டிப் போடுகிற கண்டுபிடிப்பு இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர், ப்ராஜெக்ட் சென்டரில் செய்து முடித்த பெட்டியை வாங்கி வந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்கிறவர்கள். எங்களுடையதை நாங்களே செய்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. தொட்டியின் மேல்பக்கத்தில் மூடிக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு ஒரு சென்சாரைப் பொருத்தியிருந்தோம். அது நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும். வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும். கணக்குப் போடுகிற ப்ரோக்ராம் மட்டும் சீனியர்களுடையது. எங்கள் டிபார்ட்மெண்டில் அதுதான் வழக்கம். அக்காவின் யூனிஃபார்ம் தங்கைக்கு வருகிற மாதிரி, ஒவ்வொரு வருடத்துப் பேட்ச்சும் தன் ஃபோல்டரை அடுத்த வருடத்துப் பேட்ச்சுக்கு விட்டுவிட்டுப் போகும். யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஓடுகிறது, போதும்.

இரண்டாவது ரிவியூவில் எங்கள் கைடு சுந்தர்சிங் சார் கிராஃபைப் பார்த்தார். காலையில் நேராகப் போகிற கோடு, மத்தியானம் மெல்ல எழும்பி, சாயங்காலம் மறுபடி இறங்கியிருந்தது. தினமும் அதே கதை.

"இது இன்னாம்மா, நடுவுல யானை முதுகு மாதிரி?"

"தெரியல சார். மோட்டார் ஆஃப்லதான் இருந்துச்சு. ஒரு பக்கெட் தண்ணிக்கு மேல ஏறிக் காட்டுது."

"தெரியாததை எல்லாம் ரிப்போர்ட்ல வைக்கக் கூடாது. வெளிக் காலேஜ் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து கேட்டா முழிப்பீங்க. அதை வெட்டிட்டு லைனை ஸ்ட்ரெய்ட் பண்ணுங்க. அடுத்த ரிவியூல க்ளீன் கிராஃப் வந்தா சைன் பண்றேன். இல்லேன்னா வைவாவுக்கு அனுப்ப மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. மாணவர்கள் வைவாவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரியாவிட்டால் தெரிந்துகொள் என்று சொல்லியிருந்தால் கோபப்படாமல் போயிருப்பேன். வெட்டு என்றாரே, அதுதான் ஆறவில்லை.

வெளியே வந்ததும் ஜெஃப்ரி கையெடுத்துக் கும்பிட்டான். "ஷபி, உன் மூஞ்சி போற போக்கே சரியில்ல. வெட்டிடலாம். சிறுசேரி ஐடி கம்பெனில ஜூலை மாசம் வேலைக்கு ஜாயின் பண்ணணும் நான். சைன் இல்லேன்னா வைவா இல்ல, வைவா இல்லேன்னா டிகிரி இல்ல, டிகிரி இல்லேன்னா கம்பெனிக்காரன் என்னை கேட்டுக்குள்ளயே விடமாட்டான்."

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரிஞ்சுக்கணும்னே தோணலையா?"

அவன் கும்பிட்ட கையை இறக்கினான். "தோணுது. அதான் பேஜாரு" என்றான்.

மறுநாள் முதல் மத்தியானங்களில் எங்கள் மொட்டைமாடியில் குடியேறினோம். தரையில் கால் வைக்க முடியாது, இருவரும் செருப்போடு தத்திக்கொண்டு நின்றோம். முதலில் எங்கேயாவது பைப் கசிந்து தொட்டிக்குள் வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. சாயங்காலம் இறங்குகிறதே, யாராவது எடுக்கிறார்களோ என்று என் அம்மா குல்ஷனிடம் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை குழாயே திறக்கக் கூடாது என்று சொன்னேன்.

"குழாயைத் தொறக்காதன்னா? பாத்திரத்தை எல்லாம் நக்கியா வைப்பேன்?" என்றாள் அம்மா. "இஞ்சினியருக்குப் படிக்க வெச்சா, வூட்ல தண்ணிக்கே தடை போடுறா." ஆனாலும் காலையிலேயே வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டு, எங்களுக்காக ஒரு நாள் முழுக்கக் குழாயைத் தொடாமல் இருந்தாள். அன்றைக்கும் தண்ணீர் ஏறி இறங்கியது.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் தொட்டியையும் ஒருவர் போனையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்றைக்குப் பார்த்து அது ஏறவே இல்லை. ஏதோ கொஞ்சம் அசைந்துவிட்டு அப்படியே கிடந்தது. மூடியைப் போட்டுவிட்டுக் கீழே போய் மோர் குடித்துவிட்டு வந்தால், ஏறியிருக்கிறது. திறந்தால் இறங்குகிறது. மூடினால் ஏறுகிறது.

"ஷபி, தண்ணி நம்மளப் பாத்து வெக்கப்படுது" என்றான் ஜெஃப்ரி.

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ரிவியூ நெருங்கிக்கொண்டிருந்தது. என் பிடிவாதத்தால் இவன் வேலை போய்விடுமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மூடியைத் திறக்காமல் தண்ணீர் நிஜமாக ஏறியதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிவிசி பைப் துண்டு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கி, காலையிலேயே தொட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு மூடினோம். தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதுவரை சாக்பீஸ் கரைந்துவிடும். சென்சாருக்கு அது குறுக்கே வராமல் ஓரமாக வைத்தோம். இந்த யோசனை ஜெஃப்ரியுடையது. பயந்தாங்கொள்ளிதான், ஆனால் மூளைக்காரன்.

மத்தியானம் போனில் யானை முதுகு உச்சியைத் தொட்டதும் மூடியைத் தூக்கி, பைப்பை வெளியே எடுத்தோம். காலையில் நனைந்த இடம் வரைதான் சாக்பீஸ் கரைந்திருந்தது. அதற்கு மேலே பால் மாதிரி வெள்ளை. தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

"அப்போ தண்ணி ஏறல" என்றான் ஜெஃப்ரி. "நம்ம மீட்டர்தான் பொய் சொல்லுது."

"பொய் சொல்றதுன்னா கண்டபடி சொல்லணும்டா. இது ஏன் தினமும் மத்தியானம் மட்டும், அதுவும் ஒரே மாதிரி சொல்லுது?"

கேட்டுக்கொண்டே தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்து, என் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. ஒன்றும் தெரியாமல் அப்படியே நின்றேன்.

"ஜெஃப்ரி, உள்ள காத்து கொதிக்குது."

"கறுப்பு டேங்க், ஏப்ரல் வெயில். பின்ன ஏசியா ஓடும்?"

"இல்லடா. சூடான காத்துல சத்தம் வேகமாப் போகும்ல? ப்ளஸ் ஒன்ல படிச்சோமே."

 அவன் படியில் தடதடவென்று இறங்கி லேப்டாப்பை எடுத்து வந்தான். துப்பட்டாவால் வெயிலை மறைத்துக்கொண்டு, சீனியர்கள் கொடுத்த ப்ரோக்ராமை முதல்முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தோம். சத்தத்தின் வேகம் என்று ஒரு வரியில் ஒரே ஒரு எண் இருந்தது. காலைக்கும் அதேதான், கொதிக்கிற மத்தியானத்துக்கும் அதேதான். உள்ளே காற்று சூடானதும் சத்தம் வேகமாகப் போய் வேகமாகத் திரும்பியிருக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டதே, அப்படியானால் தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏறிவிட்டது என்று எங்கள் கருவி நம்பியிருக்கிறது. மூடியைத் திறந்தால் சூடு வெளியேறுகிறது, தண்ணீர் 'இறங்குகிறது'.

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன் என்பதுகூடத் தெரியாமல் அந்தத் தரையில் குதித்தேன். கால் சுட்டது பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் படித்த படிப்பில் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

தொட்டிக்குள் வெப்பத்தை அளக்கும் சிறிய சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டோம். காற்றின் சூட்டுக்கு ஏற்றபடி சத்தத்தின் வேகத்தை மாற்றிக்கொள்ளும்படி அந்த வரியைத் திருத்தி எழுதினோம். அடுத்த மத்தியானம் கோடு நேராகப் போனது. யானை எழுந்திருக்கவே இல்லை. புதுக் கிராஃபை மட்டும் வைத்து ரிப்போர்ட்டை பைண்டிங் செய்துகொண்டு, கடைசி ரிவியூவுக்கு லேபுக்குப் போனோம்.

சுந்தர்சிங் சார் கிராஃப் இருந்த பக்கத்தைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? சொன்னதைக் கேட்டு வெட்டினதும் எவ்ளோ நீட்டா இருக்கு. இதுக்குப் போய் அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு போனே."

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் கிராஃபைப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. வெட்டியிருந்தாலும் அது இப்படியேதான் இருந்திருக்கும். வெயிலில் காய்ந்து கண்டுபிடித்ததும், உட்கார்ந்த இடத்தில் அழிப்பதும் காகிதத்தில் ஒரே கோடுதான். ஜெஃப்ரி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: எடு, கிளம்பு.

"சார், நாங்க வெட்டல."

"சரிம்மா, போ."

"வெட்டல சார். அது ஏன் ஏறுச்சுன்னு கண்டுபிடிச்சோம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த பேட்ச் காத்திருந்தது. விளக்கம் சொல்லி ஆகாது என்று புரிந்தது. லேப் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தரை துடைக்கிற பக்கெட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். பாதி வாயை ஒரு அட்டையால் மூடி, அதில் எங்கள் சென்சாரைப் பொருத்தினேன். ஜெஃப்ரி பெருமூச்சு விட்டுவிட்டு, பழைய ப்ரோக்ராமில் பக்கெட்டின் ஆழத்தைப் போட்டு ஏற்றினான். போனில் தண்ணீர் பூஜ்யம் என்று காட்டியது.

"காலி பக்கெட் சார். கையை விட்டுப் பாருங்க."

சர்க்யூட்டில் ஒட்டிய பாகங்களைக் கழற்ற லேபில் சூடான காற்றை ஊதும் கன் ஒன்று உண்டு. அதை எடுத்து பக்கெட்டுக்குள் ஊதினேன். போனில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அரை விரல், ஒரு விரல். சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். போனைப் பார்த்தார். பக்கெட்டுக்குள் கைவிட்டு, சூட்டில் வெடுக்கென்று எடுத்து, விரல் நனைந்திருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தார்.

"குடு இங்க" என்று கன்னை வாங்கித் தானே ஊதினார். மறுபடி ஏறியது. ஜெஃப்ரி புதுப் ப்ரோக்ராமை ஏற்றி, வெப்ப சென்சாரையும் உள்ளே விட்டான். சார் எவ்வளவு ஊதியும் போன் பூஜ்யத்திலேயே நின்றது.

அவர் கன்னை அணைத்துவிட்டு எங்கள் ரிப்போர்ட்டை இழுத்தார். பேனாவைத் திறந்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தார்.  ஜெஃப்ரியின் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் இல்லை.

"அந்த யானை முதுகு கிராஃப் எங்க?"

"லேப்டாப்ல இருக்கு சார்."

"அதையும் உள்ள வை. அது முதல்ல, இது பக்கத்துல. கண்டுபிடிக்க என்னென்னமோ செஞ்சிருப்பீங்களே, எல்லாத்தையும் எழுது. எழுதிட்டு வா, சைன் பண்றேன். அதில்லாம இதுல என் பேர் வேணாம்."

"பைண்டிங் பண்ணிட்டோம் சார்" என்றான் ஜெஃப்ரி, அழுகிற குரலில்.

"பிரிச்சுப் பண்ணு."

அடுத்த பேட்ச் கதவருகில் எட்டிப் பார்த்தது. சார் கையைக் காட்டி நிறுத்தினார். காலி பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் கிறிஸ்டின்னு ஒரு பொண்ணு. இதே ப்ராஜெக்ட். இதே முதுகு. 'ஏன் சார் மத்தியானம் மட்டும் ஏறுது'ன்னு கேட்டா. ரெண்டு தடவை கேட்டா."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"வெட்டச் சொன்னேன். வெட்டிட்டா."

அவர் போனை எடுத்து ஏதோ பெயரைத் தேடினார். நாங்கள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றோம். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"கிறிஸ்டியாம்மா? சுந்தர்சிங் சார் பேசுறேன். ஆபீஸ்ல இருக்கியா? இல்லம்மா, சர்ட்டிஃபிகேட் விஷயம்லாம் இல்ல. நீ என்கிட்ட ஒரு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்கா? இப்பதான் பதில் வந்துச்சு."