அமீனா பீயின் பெரோஸா அட்டிகை

ஹம்சாவிடம் தங்கம் அதிகம் கிடையாது. அவள் சேர்த்ததெல்லாம் பெரோஸா. ஆகாச நீலத்தில் லேசாகப் பச்சை கலந்த அந்தக் கல் பதித்த மோதிரம், தோடு, திபெத்துக்காரர்களிடம் வாங்கிய வெள்ளித் தாயத்து என்று மயிலாப்பூர் வீட்டு பீரோவில் ஓர் இழுப்பறை நிறைய வைத்திருந்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் நிறம் இயற்கையா, சாயமா என்று சொல்லிவிடுவாள். உறவில் யார் கல் வாங்கினாலும் அவளிடம் காட்டாமல் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அவள் ஆசைப்பட்டுக் கிடைக்காதது ஒன்றுதான். ஆயிரம் விளக்கில் தனியாக இருந்த அமீனா பீயிடம் ஒரு பெரோஸா அட்டிகை இருந்தது. அவருடைய மாமியார் வீட்டார் அந்தக் காலத்தில் ஈரானில் இருக்கும் தர்காக்களுக்கு ஜியாரத் போனபோது வாங்கி வந்தது. எல்லாக் கல்லும் ஒரே நிறம். ஒன்றில்கூடக் கருப்பு நரம்பு கிடையாது. ஹம்சா பல வருஷங்களாக அங்கே போய், டீ குடித்து, அட்டிகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். விலைக்குத் தருவீர்களா என்று கேட்க மட்டும் வாய் வராது. கேட்டால் அந்த அம்மாள் மனசு புண்படும், தானாகவே ஒருநாள் சொல்வார் என்று காத்திருந்தாள்.

தொண்ணூற்று நாலில் கொழுந்தன் மனைவி மஹதியை ஒருமுறை அங்கே அழைத்துப் போனாள். மஹதி அடையாறில் இருந்தாள். ஹம்சாவைப் பார்த்துத்தான் அவளுக்கும் கல் மேல் ஆசை வந்தது. தனக்கு எப்படிப்பட்ட இடமெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்வதில் ஹம்சாவுக்கு ஒரு பெருமை.

அந்த மார்கழியில் சபாவுக்கு மஹதி அரக்குப் பட்டில் வந்தாள். கழுத்தில் அந்த அட்டிகை. அதற்கப்புறம் ஹம்சாவின் காதில் பாட்டே விழவில்லை. இடைவேளையில் கேன்டீனில் வைத்து, இது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டாள்.

"கேட்டேன் மன்னி, குடுத்துட்டா. பிள்ளையோட ஹைதராபாத் போகப் போறாளாம். இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலைன்னா."

ஹம்சா அட்டிகையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்தாள்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றாள். "இது கல்லுப் பொடியைப் பிசினோட அழுத்தி, சாயம் ஏத்தினது. பாவம், அவாளுக்கே தெரிஞ்சிருக்காது. அன்னிக்கு அவா முன்னாடி சொல்ல வேண்டாம்னு விட்டேன்."

மஹதியின் முகம் விழுந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். ஹம்சா இன்னொரு காபி வாங்கிக் குடித்தாள்.

சில நாளில் மஹதியின் கணவன் அச்யுத் அட்டிகையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கி வந்தான். அமீனா பீயிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டதாக போனில் சொன்னான். மறுநாளே ஹம்சா ஆட்டோ பிடித்தாள். இந்த முறை கேட்டுவிடுவது என்று போனாள்.

வீட்டில் பாதிச் சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன. அமீனா பீ அவளைக் கண்டதும் அட்டிகையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். அழுதிருந்தார் என்று தெரிந்தது. தெரிந்தவர் யாரோ பொய்க் கல் என்று சொன்னார்களாம், தன்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டார்கள் என்றார்.

"நீங்க படிச்சவங்க. நீங்க பொய்க் கல்லுன்னு சொன்னா, குப்பையில போட்டுட்டு ஊருக்குப் போறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு, சும்மா ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிப் போய்விடலாம். ஹம்சா அட்டிகையை ஜன்னலோரம் கொண்டுபோனாள். வெயிலில் அந்த நீலம் அப்படியே மலர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நிஜக் கல்லும்மா. இதைவிட நல்ல பெரோஸா நான் பார்த்ததில்லை. பொய்ன்னு சொன்னது நான்தான்."

அமீனா பீ ஏன் என்று கேட்கவில்லை. மெதுவாக எழுந்துபோய் டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க."

ஹம்சா அடையாறு நம்பரைச் சுழற்றினாள். மஹதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அன்று சாயங்காலமே அச்யுத்தோடு வந்து, அமீனா பீயிடம் மன்னிப்புக் கேட்டு, அட்டிகையை வாங்கிப் போனாள். பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

தை மாதக் கடைசியில் தி. நகரில் ஒரு கல்யாணம். மஹதி முன்வரிசையில் அட்டிகையோடு உட்கார்ந்திருந்தாள். ஹம்சாவின் பக்கத்தில் இருந்த பங்கஜம் மாமி, அது அசல் கல்தானா என்று கிசுகிசுத்தாள்.

"அசல்தான் மாமி. ஈரான் கல். மெட்ராஸ்ல இன்னொண்ணு கிடைக்காது" என்றாள் ஹம்சா.

மாமி உடனே எழுந்து, கிட்டத்தில் பார்க்க மஹதியிடம் போனாள். இன்னும் சிலர் பின்னாலேயே போய் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹம்சா வயிறு எரிய அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தனியாக எழுந்து பந்திக்குப் போனாள்.